காரைக்குடி பக்கம் ட்ராக் சைக்கிள் ஹேண்ட்லிங் கிளாஸ்: சேரலாமா வேணாமா?

மொதல்லயே சொல்லிடுறேன். உங்க புள்ள மூணு மாசத்துல ஸ்டேட் மெடலோட வீட்டுக்கு வரணும்னு நெனச்சு இந்த கிளாஸ்ல சேக்குறதா இருந்தா சேக்காதீங்க, ஏமாந்து போவீங்க. இங்க ஸ்பீடு சொல்லித் தர்றதே இல்ல. ட்ராக்ல, அதாவது ஓரம் சரிவா எழும்பி நிக்கிற சைக்கிள் ரேஸ் வட்டத்துல, நாலு பேரு, எட்டு பேரு ஒட்டி ஒட்டி ஓட்டும்போது தானும் விழாம அடுத்தவனையும் விழ வைக்காம போறதுக்கு சைக்கிள் மேல என்ன பிடிமானம் வேணுமோ அது மட்டும்தான் பாடம். ஆனா அந்த ஒண்ண எடுத்துக்கிட்டா, நம்ம செட்டிநாட்டு சுத்துவட்டாரத்துல மட்டும் இல்ல, மதுரை திருச்சி வரைக்கும் விசாரிச்சுப் பாத்தும் இவ்ளோ பொறுமையா அடியில இருந்து சொல்லித் தர்ற இடம் எனக்கு சிக்கல.

இடம் காரைக்குடிக்கும் பள்ளத்தூருக்கும் நடுவுல மெயின் ரோட்ட விட்டு உள்ள போகணும், கண்மாய்க் கரைய ஒட்டுன ஒரு பொட்டல். போர்டு கீர்டு எதுவும் கெடையாது. நடத்துறவர் ரிட்டயர் ஆன ஒரு பி.டி வாத்தியார், "பேரெல்லாம் போடாத தம்பி, இருக்க கூட்டமே தாங்கல"ன்னு சொல்லிட்டார், அதனால பேரும் நம்பரும் இங்க இல்ல. அந்தப் பக்கம் எந்த சைக்கிள் கடையில கேட்டாலும் வழி சொல்லுவாங்க. நான் எங்க அக்கா பொண்ண சேத்து விடத்தான் போனேன், ஒம்பதாவது படிக்குது, அப்பறம் கரையில சும்மா உக்காந்து பாத்துக்கிட்டே இருக்குறதுக்கு நாமளும் ஏறிப் பாப்போமேன்னு நானும் சேந்துட்டேன், பெரியவங்களுக்கு தனி பேட்ச் இருக்கு, அதுனால ரெண்டு பேட்ச் பத்தியும் சொல்ல முடியும்.

ட்ராக் சைக்கிள் பாக்காதவங்களுக்கு ரெண்டு வரி. இதுல பிரேக் கெடையாது. ஒரே கியரு, அதுவும் ஃபிக்ஸ்டு, பின் சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் கூடவே சுத்தும். நம்ம சாதா சைக்கிள்ல இறக்கத்துல கால சும்மா வச்சுக்கிட்டு டிக் டிக் டிக்னு போவோம்ல, அந்த சோலியே இங்க ஆகாது, கால நிறுத்துனா பெடல் நம்ம கால தூக்கி ஆளையே முன்னாடி தள்ளப் பாக்கும். வேகத்த கொறைக்கணும்னா சுத்துற பெடல காலாலயே கொஞ்சம் கொஞ்சமா அமுக்கிப் பிடிக்கணும், இல்லன்னா ட்ராக்குல சரிவு மேல ஏறி வேகத்த அங்க விட்டுட்டு வரணும். பிரேக் ஏன் வைக்கலன்னு என் அக்கா பொண்ணு கேட்டதுக்கு சார் சொன்ன பதில் எனக்குப் பிடிச்சிருந்துச்சு: ஒருத்தன் கையில பிரேக் இருந்தா அவன் பயந்து அமுக்குவான், அவன் பின்னாடி ஒட்டி வர்ற அத்தன பேரும் அவன் மேலயே வந்து விழுவாங்க, யாருக்குமே இல்லன்னா யாரும் திடீர்னு நிக்க மாட்டாங்க.

சரி கிளாஸ்ல என்ன நடக்குது. ஆரம்பத்துல ஏறி இறங்குறது மட்டும்தான். சிரிக்காதீங்க. ஃபிக்ஸ்டுல இறங்குறது தனி வித்தை, சைக்கிள் முழுசா நிக்கிறதுக்குள்ள கால எடுத்தா பெடல் வந்து கெண்டைக்கால்ல அடிக்கும். புதுசா வர்ற பெரியவங்கதான் இதுல ரொம்ப மாட்டுறாங்க, ஏன்னா இருபது முப்பது வருஷப் பழக்கம் கால்ல கெடக்கு, நின்னுடணும்னு மூளை சொன்ன ஒடனே கால் நின்னுடும். பிள்ளைங்க சீக்கிரம் பிடிச்சுக்கிறாங்க.

அதுக்கு அடுத்தது ஸ்லோ ரேஸ். பொங்கலுக்கு ஊர்ல வைப்பாங்கள்ல, கடைசியா வர்றவன் ஜெயிச்சான், கால் ஊனுனா அவுட்டு, அதேதான், ஆனா ஃபிக்ஸ்டுல. இத சார் வெளையாட்டா வைக்கல. ட்ராக் ஸ்பிரின்ட்னு ரெண்டு பேரு மோதுற ரேஸ் இருக்கு, அத பாத்தீங்கன்னா மொத சுத்துல ஆமை வேகத்துல போவாங்க, சில சமயம் நின்னே போயிடுவாங்க, ஏன்னா முன்னாடி போறவன் காத்த கிழிச்சுக்கிட்டுப் போவான், பின்னாடி வர்றவன் அவன் மறைவுல நோகாம வந்து கடைசியில தாண்டிடுவான், அதுனால யாரும் முன்னாடி போக மாட்டாங்க. அப்படி நிக்கிறதுக்கு ரூல்ஸ்ல 30 செகண்டு வரைக்கும்தான் அனுமதி, ஒரு ரேஸ்ல ரெண்டு தடவதான். பாலன்ஸ் போயி ஒரு இஞ்ச் நகந்தா நீதான் முன்னாடி. அதுனால சார் பிள்ளைங்கள ஸ்லோ ரேஸ்ல இருந்து அப்படியே நிக்கிற பயிற்சிக்குக் கொண்டு போயிடுறார், முன் சக்கரத்த லேசா ஒரு பக்கம் திருப்பி வச்சு, பெடல முன்னுக்கும் பின்னுக்கும் ஒரு நூல் அளவு அசச்சு நிக்கிறது. ஃபிக்ஸ்டுல பெடல பின்னாடி அமுக்குனா சைக்கிளே பின்னாடி வரும், அதுனால சாதா சைக்கிள விட இதுல நிக்கிறது ஈசின்னு சொல்றாங்க, எனக்கு இன்னும் ஈசியா வரல.

இன்னொரு பயிற்சி, ஓட்டிக்கிட்டே கீழ கெடக்குற தண்ணி பாட்டில எடுக்குறது. நிக்க வச்ச பாட்டில்ல ஆரம்பிச்சு, அப்பறம் படுக்க வச்ச பாட்டில், அப்பறம் கர்ச்சீப். நம்ம ஊர்ல அந்தக் காலத்துல மைதானத்துல மைக் செட்டு கட்டி ராத்திரி பகலா இறங்காம சைக்கிள் சுத்துவாங்களே, ஏழு நாள் எட்டு நாள், சைக்கிள்லயே குளிச்சு சைக்கிள்லயே சாப்பிட்டு, தரையில கெடக்குற ரூவா நோட்ட எடுப்பாங்க, எங்க அப்பத்தா இந்த கிளாஸ் வீடியோவ பாத்துட்டு மொதல்ல கேட்டதே "ஏய்யா, நீயும் சைக்கிள் சுத்தப் போறியா"ன்னுதான். சார்ட்ட சொன்னா அவர் சிரிக்கல, "அந்த ஆளுங்களுக்கு இருந்த ஹேண்ட்லிங்ல பாதி நம்ம பிள்ளைகளுக்கு வந்தா போதும்"ன்னார். குனிஞ்சு எடுக்கும்போது என்ன ஆகுதுன்னா உடம்பு ஒரு பக்கம் சாயுது, சைக்கிள் எதிர்ப்பக்கம் சாஞ்சு ஈடு குடுக்குது, ஒடம்பும் சைக்கிளும் தனித்தனியா அசையலாம்னு அப்பத்தான் புரியும். அது புரியாம ஹேண்டில்பார இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்க வரைக்கும் பக்கத்துல ஒருத்தன் தொட்டாலே விழுவோம்.

தொடுறதுன்னு சொன்னேன்ல, அதுதான் இந்த கிளாஸோட உசுரு. புல்லு இருக்க எடமாப் பாத்து ரெண்டு ரெண்டு பேரா விடுவார். தோளோட தோள் சாஞ்சுக்கிட்டு ஓட்டணும், முழங்கை தளர்வா மடங்கி இருக்கணும், ஒருத்தர் மேல ஒருத்தர் எடைய போட்டுக்கிட்டே நேரா போகணும். மொதல்ல கூச்சம், அப்பறம் சிரிப்பு, அப்பறம்தான் பழகும். அது வந்ததும் சக்கரத்தோட சக்கரம். நம்ம முன் சக்கரம் முன்னாடி போறவரோட பின் சக்கரத்துல பக்கவாட்டுல உரசுனா முன்னாடி போறவருக்குப் பெருசா ஒண்ணும் ஆகாது, விழுறது நாமதான், ஏன்னா நம்ம ஹேண்டில் ஒரு பக்கம் அடைபட்டுப் போச்சு. பதறிப்போயி எதிர்ப்பக்கம் இழுத்தா முடிஞ்சுது. தொட்ட பக்கமே லேசா சாஞ்சு, பெடல விடாம, மெல்ல விலகி வரணும். இத வாயால எத்தன தடவ சொன்னாலும் ஏறாது, நடக்குற வேகத்துல புல்லு மேல வேணும்னே உரசி உரசிப் பழகுனாத்தான் ஒடம்புல நிக்கும். ஒரு வீடியோவுல இத பாத்துக் கத்துக்கிடலாம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க.

கிரவுண்டுல கோடு போட்டுருக்கார். இது எனக்கு ரொம்ப இஷ்டமான விஷயம். வெலோட்ரோம்ல, அதான் நெசமான சைக்கிள் ரேஸ் ட்ராக்ல, உள் ஓரத்துல இருந்து 20 சென்டிமீட்டர்ல கருப்புக் கோடு, 85 சென்டிமீட்டர்ல செவப்பு, 2.45 மீட்டர் இல்லன்னா ட்ராக் அகலத்துல மூணுல ஒரு பங்கு, இதுல எது அதிகமோ அங்க நீலம். சார் அதே அளவ கயிறு பிடிச்சு, கருப்புக்கு அடுப்புக்கரித் தூளு, செவப்புக்கு செங்கல் பொடி, நீலத்துக்கு சுண்ணாம்புல நீலம் கலந்து, ஞாயித்துக்கிழம காலையில மூத்த பிள்ளைங்கள வச்சுப் போட்டுடுறார். கருப்புக் கோட்டுலதான் ட்ராக்கோட நீளத்த அளக்குறாங்க, அத விட்டு வெளிய வெளிய போனா அவ்ளோ தூரம் கூட ஓட்டுறோம். ஸ்பிரின்ட்ல கடைசி 200 மீட்டர்ல முன்னாடி போறவன் கருப்புக்கும் செவப்புக்கும் நடுவுல இறங்கிட்டான்னா அவன் அந்த வழிய விட்டு வெளிய வந்து மறிக்கக் கூடாது, பின்னாடி வர்றவனும் உள்பக்கமா முந்தக் கூடாது, வெளிய சுத்தித்தான் வரணும். இதெல்லாம் ரூல் புக்ல படிச்சா தூக்கம் வரும், கரித்தூள் கோட்டு மேல டயர் விலகுனா தெரியுற தடத்த சார் குச்சி வச்சுக் காட்டும்போது ஒரு தடவையில மண்டையில ஏறிடுது.

கோட்டு மேல போய்க்கிட்டே வலது தோள் வழியா திரும்பிப் பாக்கணும், சார் பின்னாடி நின்னு எத்தன விரல் காட்டுறார்னு சொல்லணும். ட்ராக்குல எல்லாரும் இடப்பக்கமா சுத்துறதால வேகமா வர்றவங்க வலதுபக்கம் மேல வழியாத்தான் தாண்டுவாங்க, பாக்காம மேல ஏறுனா மோதல்தான். சாதாரணமா தல திரும்புனா தோளும் திரும்பும், தோள் திரும்புனா ஹேண்டிலும் திரும்பும், கோடு போச்சு. என் அக்கா பொண்ணுக்கு இது வர ரொம்ப நாள் ஆச்சு. இப்ப ரோட்டுல ஸ்கூலுக்குப் போகும்போது பின்னாடி பஸ் வருதான்னு அது திரும்பிப் பாக்குற அழகே தனி, சைக்கிள் ஒரு இஞ்ச் அசையல. எங்க அக்கா மாசாமாசம் ஃபீஸ் குடுக்குறது இது ஒண்ணுக்காகத்தான்.

கடைசி அரை மணி நேரம் கெய்ரின். ஜப்பான்ல 1948ல பந்தயம் கட்டுறதுக்காக ஆரம்பிச்ச ரேஸ் இது, 2000ல ஒலிம்பிக்ஸுக்குள்ள வந்துச்சு, முன்னாடி ஒரு மோட்டார் வண்டி மெதுவா வேகத்த ஏத்திக்கிட்டே போகும், மூணு சுத்து இருக்கும்போது அது வெலகிடும், அப்பறம் அடிபிடிதான். இங்க மோட்டார் வண்டி சாரோட டிவிஎஸ் எக்ஸெல். அவர் லுங்கிய மடிச்சுக் கட்டிக்கிட்டு எக்ஸெல்ல முன்னாடி போக பின்னாடி ஆறு பிள்ளைங்க வரிசையா வர்றத ரோட்டுல போறவங்க எல்லாம் வண்டிய நிறுத்திப் பாக்குறாங்க. வரிசையில போகும்போது முன்னாடி இருக்கவன் டயர பாக்காத, அவன் தோளத் தாண்டி ரெண்டு ஆளுக்கு முன்னாடி என்ன நடக்குதுன்னு பாருன்னு கத்திக்கிட்டே இருப்பார். 2018ல ஜூனியர் உலக சாம்பியன்ஷிப்ல இதே கெய்ரின்ல வெள்ளி வாங்குன எசோவ் ஆல்பன் அந்தமான் பையன்ங்குறத வாரம் ஒரு தடவையாவது சொல்லிடுவார், அங்கிட்டு இருந்து வர முடியும்னா காரைக்குடியில இருந்து வர முடியாதான்னு.

இனி கொறை. நெறைய இருக்கு.

பெரிய கொறை, சரிவு இல்ல. 250 மீட்டர் மர ட்ராக்குல திருப்பத்துல 42 டிகிரி, அதுக்கு மேலயும் சரிவு நிக்கும், கிட்டத்தட்ட சுவர். அதுல மெதுவா போனா டயர் வழுக்கும், கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் வேகமாவது வேணும்பாங்க, அந்த வேகத்துல போனா சைக்கிள் ட்ராக்கோட அமுங்கிப் பிடிச்சுக்கும். அந்த பயத்த எந்தப் பொட்டல்லயும் பழக்க முடியாது. சார் கண்மாய்க் கரையோட உள்சரிவுல குறுக்கா ஏறி இறங்க விடுறார், சரிவுப்பக்கம் பெடல் தட்டுறது எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க அது பரவால்ல, அதுக்கு மேல அதுல ஒண்ணும் இல்லன்னு அவரே சொல்றார். தேறுன பெரிய பிள்ளைங்கள பல்லவன் ரயில்ல ஏத்தி சென்னைக்குக் கூட்டிப் போறார், மேலக்கோட்டையூர்ல வெலோட்ரோம் இருக்கு, ஆனா நமக்கு அது 400 கிலோமீட்டருக்கு மேல, நெனச்சப்ப போக முடியுமா. அந்தச் செலவு தனி, ஃபீஸ்ல வராது, சேரும்போது இத யாரும் சொல்றதில்ல.

ரெண்டாவது சைக்கிள். நெசமான ட்ராக் சைக்கிள் அங்க கொஞ்சம்தான் இருக்கு, மிச்சமெல்லாம் பழைய சைக்கிள்ல ப்ரீவீல, அதான் கால நிறுத்துனாலும் சக்கரத்த சுத்த விடுற பின் பல்சக்கரத்த, வெல்டிங் அடிச்சு ஃபிக்ஸ்டு ஆக்குனது. இதுல ஒரு ஆபத்து இருக்கு. ஒழுங்கான ட்ராக் ஹப்ல, அதாவது பின் சக்கரத்தோட நடு உருளையில, பல்சக்கரத்துக்கு மேல எதிர்மரையில ஒரு லாக்ரிங் வரும், பெடல பின்னாடி அமுக்கும்போது பல்சக்கரம் கழண்டுடாம அதுதான் பிடிக்குது. வெல்டிங் வண்டியில அது கெடையாது, ஓங்கி பின்னாடி அமுக்குனா மரை லூஸ் ஆகி கால் சும்மா சுத்தும், வண்டி நிக்காது. சார் அதுக்காக அந்த வண்டி எல்லாத்துலயும் முன் பிரேக்க கழட்டாம வச்சிருக்கார், நல்லது, ஆனா உங்க புள்ளைக்கு எந்த வண்டி குடுக்குறாங்கன்னு கேட்டுக்கங்க, முன் பிரேக் வேல செய்யுதான்னு கையால அமுக்கிப் பாத்துட்டு ஏத்துங்க. செயினயும் பாக்கணும், நடுவுல விரல வச்சு அசச்சா ஒரு சென்டிமீட்டர் அளவு ஆடுனா போதும், தொங்குச்சுன்னா வேற வண்டி கேளுங்க. ஃபிக்ஸ்டுல செயின் கழண்டா வேகத்த கொறைக்கவே வழி இல்ல, பின் சக்கரத்துல சிக்குனா சக்கரமே பூட்டிக்கும். எனக்குத் தொங்குற செயினோட ஒரு வண்டி வந்துச்சு, சொன்ன ஒடனே மாத்திக் குடுத்தாங்க, ஆனா நான் பாக்கலன்னா அவங்க பாத்திருக்க மாட்டாங்க. பல்லு கணக்கு மட்டும் சரியா இருக்கு, ட்ராக்குல புதுசா வர்றவங்களுக்கு முன்னாடி 48 பல்லு, பின்னாடி 16 மாதிரி குடுப்பாங்க, மண்ணுல அது இழுக்காதுன்னு இங்க 44க்கு 18.

முள்ளு. சீமைக்கருவேல முள்ளு அந்தப் பொட்டல் பூரா கெடக்கு, எவ்ளோ கூட்டினாலும் காத்துல திரும்ப வந்துடும். பஞ்சர் இல்லாத நாளே இல்ல. சொந்த வண்டி கொண்டு போறவங்க டயருக்கும் டியூபுக்கும் நடுவுல பழைய டியூப ஒண்ணு வெட்டி வச்சுக்கங்க, வெயிட் கூடும், கூடிட்டுப் போவுது. திருப்பத்துல சரளையும் இருக்கு, அங்க முன் சக்கரம் வழுக்கி ரெண்டு மூணு பிள்ளைங்க சிராய்ச்சுக்கிட்டத பாத்தேன், முதலுதவின்னு கேட்டா பஞ்சும் ஒரு பாட்டில் மருந்தும்தான். ஹெல்மெட் இல்லாம ஏத்த மாட்டார், அதுல ரொம்ப கறார், ஆனா அங்க இருக்க ஹெல்மெட்டெல்லாம் ஒரே சைஸு, சின்னப் பிள்ளைங்களுக்கு ஆடும், சொந்தமா ஒண்ணு வாங்கிடுங்க, கையுறையும். கீழ விழும்போது மொதல்ல ஊனுறது உள்ளங்கைதான்.

பொம்பளப் பிள்ளைங்களுக்கு பாத்ரூம் வசதி கெடையாது. பக்கத்துல ஒரு ஆச்சி வீட்டுல விடுறாங்க, அவங்க புண்ணியத்துல ஓடுது, ஆனா ஃபீஸ் வாங்குற எடத்துல இத வாத்தியார்தான் ஏற்பாடு பண்ணணும், ஆச்சியோட நல்ல மனச நம்பி ஒரு கிளாஸ் நடத்தக் கூடாது. பெத்தவங்க ரெண்டு மூணு பேரு சேந்து சொல்லிட்டோம், பாப்போம்னார், இன்னும் பாத்துக்கிட்டே இருக்கார்.

கூட்டமும் அதிகம். ஞாயித்துக்கிழம காலையில பிள்ளைங்க இருபது பேருக்கு மேல, சார் ஒருத்தர், உதவிக்கு காலேஜ் பையன் ஒருத்தன். கரையில சும்மா நிக்கிற நேரம்தான் பாதி. சனிக்கிழம சாயந்தரம் பேட்ச்ல பத்து பேருக்குள்ளதான், முடிஞ்சா அதுல கேளுங்க, சார் ஒவ்வொருத்தர் முழங்கையையும் தொட்டுப் பாத்து சொல்றது அந்த பேட்ச்லதான் நடக்குது. பெரியவங்க பேட்ச் புதன்கிழம, அதுல என்னைய மாதிரி ஜாலிக்கு வந்தவங்கதான் ஜாஸ்தி, கத்துற சத்தமும் கொஞ்சம் கம்மி.

மழைக்காலம் பத்தி கட்டாயம் சொல்லணும். ஐப்பசியில கண்மாய் பெருகிட்டா கிரவுண்டு சகதி. அப்ப கிளாஸ் ஊருக்குள்ள பூட்டிக் கெடக்குற ஒரு பழைய வீட்டு வளவுக்கு, அதான் உள்முற்றத்துக்கு, மாறும், வீட்டுக்காரங்க சென்னையில, பாத்துக்கிறவர் சாருக்கு வேண்டப்பட்டவர். ஆத்தங்குடிக் கல்லு மேல சாக்க விரிச்சு ரோலர் போட்டுருக்கார், மூணு உருளை இருக்க சட்டம், அது மேல சைக்கிள வச்சு ஓட்டணும், பிடிச்சுக்க எதுவும் கெடையாது, பெடல் சுத்துறதுல கொஞ்சம் வெட்டு இருந்தாலும் சக்கரம் உருளைய விட்டு எறங்கிடும். மொதல்ல தூண ஒரு கையால பிடிச்சுக்கிட்டு ஆரம்பிக்கணும், பர்மா தேக்குத் தூண பிடிச்சுக்கிட்டு சைக்கிள் பழகுன ஆளுங்க ஒலகத்துலயே நாங்களாத்தான் இருப்போம். வெளயாட்டுக்குச் சொல்லல, என் பெடல் சுத்து சீரானது அந்த வளவுலதான், கிரவுண்டுல அதுல பாதி கூட வரல. ஆனா ரோலர் ரெண்டே ரெண்டு, உங்க முறைக்கு வெயிட் பண்ணணும், அந்த மாசத்துக்கும் முழு ஃபீஸ்தான்.

ஃபீஸ் பிள்ளைங்களுக்கு மாசம் 700, பெரியவங்களுக்கு 1,200, சைக்கிள் வாடகை அதுலயே. சொந்தமா ட்ராக் சைக்கிள் வாங்கணும்னு சார் யாரையும் வற்புறுத்தல, வாங்கப் போறேன்னு சொன்னவங்களயே ஒரு வருஷம் பொறுன்னு தடுத்துட்டார், இந்த ஒண்ணுக்காக அவருக்கு நான் அரை ஸ்டார் சேத்துக் குடுப்பேன். கியர் வச்ச எம்டிபியோட, அதான் மவுண்டன் பைக்கோட, வந்து நிக்கிற பிள்ளைங்கள மட்டும் திருப்பி அனுப்பிடுவார்.

என் கணக்குல அஞ்சுக்கு மூணரை, அரை ஸ்டார சேத்தா நாலு. பாத்ரூமும் லாக்ரிங் இருக்க ஹப்பும் வந்தா முழுசா அஞ்சு குடுக்க எனக்கு ஆட்சேபன இல்ல. பத்து வயசுக்குக் கீழ இருக்க பிள்ளைங்கள சேக்காதீங்க, அங்க அவங்க கால் எட்டுற வண்டியே இல்ல, குரங்குப் பெடல் போட ஃபிக்ஸ்டு தோதுப்படாது. புது ஆள ஐப்பசிக்கு அப்பறம் எடுக்க மாட்டார், தை முடிஞ்சு போய்ப் பாருங்க, காலையில ஆறு மணிக்குள்ள போயிடணும், அதுக்கு மேல போனா கிளாஸ் முடியுற வரைக்கும் உங்கள திரும்பியே பாக்க மாட்டார், லேட்டா வர்றவங்கள கண்டாலே அந்த மனுசனுக்கு ஆகாது.